ஓடும்போதே உருவினால்: செருகி எடுக்கும் நெட்வொர்க் கார்டும் அதன் டிரைவரும்

மடிக்கணினியில் ஒரு யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரைச் செருகுங்கள். ஓரிரு நொடிகளில் சின்ன விளக்கு கண்சிமிட்டும், இணையம் வந்துவிடும். பெரிய கோப்பு ஒன்று பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த அடாப்டரைச் சட்டென்று உருவிவிடுங்கள். பதிவிறக்கம் நின்றுபோகும். கணினி நிற்காது. மற்ற வேலைகள் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

நாம் வியக்க வேண்டியது இந்த இரண்டாவது காட்சியைத்தான். அடாப்டரை உருவிய கணத்தில் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பல மூலைகளில் அதைப் பற்றிய வேலைகள் பாதியில் இருக்கின்றன. அனுப்பக் காத்திருக்கும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகள், வந்து இறங்க வேண்டிய பாக்கெட்டுகளுக்காக ஒதுக்கிய நினைவகம், இரண்டு நொடிக்கு ஒருமுறை "இணைப்பு இருக்கிறதா" என்று கேட்கும் டைமர், அந்த அடாப்டரின் ஐபி முகவரியை நம்பி நிரல்கள் திறந்திருக்கும் இணைப்பு முனைகளான சாக்கெட்டுகள் என்று எல்லாமே அந்தக் கருவி இருக்கிறது என்ற நினைப்பில் ஓடுகின்றன. பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இலையை உருவினால் என்ன ஆகும்? ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு, கெர்னலுக்கும் கருவிக்கும் நடுவில் நின்று பேசும் நிரலான டிரைவருடையது.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கருவியைச் செருகுவதையும் எடுப்பதையும் ஹாட்பிளக் என்கிறார்கள். இந்தக் கட்டுரை லினக்ஸ் கெர்னலை வைத்து அதை விளக்குகிறது. விண்டோஸிலும் சிக்கல்கள் இவையேதான். அங்கே முன்னறிவிப்பின்றி உருவுவதற்கு "சர்ப்ரைஸ் ரிமூவல்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஈதர்நெட் கேபிளைப் பிடுங்குவது ஹாட்பிளக் ஆகாது. கேபிள் போனாலும் கார்டு இருக்கிறது. அதனிடம் கேள்வி கேட்டால் பதில் வரும், "எனக்கு எதிர்முனை இல்லை" என்று அதுவே சொல்லும். டிரைவர் அதைக் கெர்னலுக்குத் தெரிவித்தால் போதும். கார்டைக் கெர்னல் அழைக்கும் ஈத்0 போன்ற இன்டர்ஃபேஸ் பெயர், நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்களின் பட்டியலில் அப்படியே இருக்கும். கார்டையே எடுத்துவிடுவது வேறு. அப்போது கேள்வி கேட்கவே ஆள் இல்லை, இன்டர்ஃபேஸே பட்டியலிலிருந்து மறைய வேண்டும்.

கார்டு எங்கேயும் போகாத காலம்

1990களின் தொடக்கத்தில் நெட்வொர்க் கார்டு என்பது பெட்டியைத் திறந்து, திருகு முடுக்கிப் பொருத்துகிற பொருள். கணினியை அணைக்காமல் யாரும் அதைத் தொட மாட்டார்கள். எனவே டிரைவர்களும் அந்த நம்பிக்கையில்தான் எழுதப்பட்டன. கணினி தொடங்கும்போது டிரைவர் ஒவ்வொரு இடமாகத் தேடும், கிடைத்த கார்டைப் பிடித்துக்கொள்ளும், கணினி அணையும்வரை விடாது.

இதைச் சார்ந்து கெர்னலில் ஒரு சிக்கனமும் உண்டு. தொடக்கத்தில் ஒரே ஒருமுறை ஓடும் நிரல்பகுதிகளுக்குத் தனி அடையாளம் இடுவார்கள். கணினி தொடங்கி முடிந்ததும் அந்தப் பகுதிகள் இருந்த நினைவகத்தைக் கெர்னல் வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். லினக்ஸின் தொடக்கச் செய்திகளைப் படித்தவர்கள், பயன்படாத கெர்னல் நினைவகத்தை விடுவித்ததாக ஒரு வரியைப் பார்த்திருப்பார்கள். அது இதுதான். கார்டைத் தேடும் பகுதியும் ஒருமுறை ஓடுவது என்றால் அதையும் இப்படிக் கழித்துவிடலாம். ஆனால் மதியம் மூன்று மணிக்கு ஒருவர் புதிய கார்டைச் செருகினால்? தேடும் நிரல் இருந்த இடத்தில் இப்போது வேறு யாருடைய தரவோ இருக்கிறது. அங்கே தாவினால் கெர்னல் விழுந்துவிடும். "கார்டு ஒருமுறைதான் வரும்" என்ற ஒரே ஒரு நம்பிக்கை நிரலுக்குள் எவ்வளவு ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மடிக்கணினிகளின் பக்கவாட்டில் செருகும் பிசிஎம்சிஐஏ கார்டுகளும், 1996-இல் வந்த யூஎஸ்பியும் அந்த நம்பிக்கையை உடைத்தன. 2001 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4 கெர்னலில் ஒரு முக்கியமான தலைகீழ் மாற்றம் நடந்தது. அதற்கு முன் டிரைவர் கார்டைத் தேடிப் போகும். அதற்குப் பின், டிரைவர் "இன்னின்ன கார்டுகள் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். கார்டு வரும்போது கெர்னல் டிரைவரின் ப்ரோப் என்ற செயல்கூற்றைக் கூப்பிடும், போகும்போது ரிமூவ் என்பதைக் கூப்பிடும். யூஎஸ்பியில் ரிமூவுக்கு டிஸ்கனெக்ட் என்று பெயர். இன்றும் லினக்ஸ் டிரைவர்கள் இந்த அமைப்பில்தான் எழுதப்படுகின்றன.

வரவேற்பு

ரியல்டெக்கின் ஆர்டிஎல்8153 சிப் உள்ள அடாப்டர் ஒன்றைச் செருகுகிறீர்கள் என்று வையுங்கள். யூஎஸ்பி ஹப் தன் வாயிலில் புதிதாக ஏதோ வந்திருப்பதைக் கெர்னலிடம் சொல்கிறது. கெர்னல் அதற்கு ஒரு முகவரி கொடுத்து, "நீ யார்?" என்று கேட்கிறது. கருவி தன் நிறுவன எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்கிறது. கெர்னல் அவற்றைக் கோத்து ஒரு நீளமான அடையாளச் சரமாக்கி, பயனர் தளத்தில் ஓடும் யூடெவ் என்ற நிரலுக்கு அனுப்புகிறது. யூடெவ் அந்தச் சரத்துக்குப் பொருந்தும் டிரைவரைத் தேடி ஏற்றச் சொல்கிறது. ஆர்8152 என்ற டிரைவர் நினைவகத்தில் ஏறி, தன் பட்டியலைக் காட்டுகிறது. பொருத்தம் சரியாக இருந்ததும் ப்ரோப் அழைக்கப்படுகிறது.

ப்ரோப் செய்ய வேண்டியவை பல. கருவிக்கான தரவு அமைப்பை ஒதுக்க வேண்டும், கருவியை ரீசெட் செய்ய வேண்டும், கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் படிக்க வேண்டும், வரும் பாக்கெட்டுகளுக்கும் போகும் பாக்கெட்டுகளுக்கும் வரிசைகளைத் தயாரிக்க வேண்டும். கடைசியில், "ஈதர்நெட் இன்டர்ஃபேஸ் ஒன்று தயார்" என்று கெர்னலிடம் பதிவு செய்ய வேண்டும்.

கடைசியில் என்று சொன்னதைக் கவனியுங்கள். புதிதாக எழுதுபவர்கள் பதிவை நடுவில் செய்துவிட்டு, மிச்ச ஏற்பாடுகளை அதன்பின் வைத்துக்கொள்வார்கள். தங்கள் மேசையில் பத்து முறை ஓட்டிப் பார்ப்பார்கள், பத்து முறையும் ஓடும். ஆனால் பதிவு செய்த அந்தக் கணத்திலிருந்து அந்த இன்டர்ஃபேஸ் ஊருக்கே தெரியும். பதிவுச் செயல்கூறு டிரைவரிடம் திரும்பி வருவதற்குள்ளேயே, நெட்வொர்க்மேனேஜர் போன்ற ஒரு நிரல் புதிய இன்டர்ஃபேஸைக் கண்டு "திற" என்று கட்டளை கொடுத்துவிடலாம். கடையின் கதவைத் திறந்தபின் சரக்கை அடுக்கிக்கொண்டிருந்தால், முதல் வாடிக்கையாளர் வெறும் அலமாரியைத்தான் பார்ப்பார். இங்கே வெறும் அலமாரி என்பது இன்னும் ஒதுக்கப்படாத நினைவகத்தைக் காட்டும் சுட்டி.

ப்ரோப் நடந்துகொண்டிருக்கும்போதே கார்டை எடுத்துவிடவும் கூடும். மேக் முகவரியைப் படிக்கும் இடத்தில் இது அழகாகத் தெரியும். கணினியின் உட்புற இணைப்புத் தடமான பிசிஐ எக்ஸ்பிரஸில் இருக்கும் கார்டு போய்விட்டால் படிக்கும் ஒவ்வொரு பைட்டும் 255 என்று வரும். ஆறு பைட்டும் 255 ஆக இருப்பது ஈதர்நெட்டில் எல்லோருக்கும் அனுப்புவதற்கான பிராட்காஸ்ட் முகவரி, எந்தக் கார்டுக்கும் சொந்தமாக இருக்க முடியாதது. படித்த முகவரி முறையானதா என்று பார்க்கும் ஒரே ஒரு வரி அந்தப் பேயைப் பிடித்துவிடும். பிடித்ததும், அதுவரை ஏறிய படிகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி, பிழை எண்ணோடு வெளியே வர வேண்டும். நான்காவது படியில் தடுக்கினால் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்க வேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தாலும் நினைவகம் கசியும்.

போனபின் வரும் பதில்

பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளில் டிரைவர் கருவியோடு பேசுவது நினைவகத்தைப் படிப்பதுபோலவே இருக்கும். ஒரு குறிப்பிட்ட முகவரியைப் படித்தால் கார்டுக்குள் இருக்கும் சிறு நினைவிடமான ரிஜிஸ்டரின் மதிப்பு வரும். கார்டு போனபின் அதே முகவரியைப் படித்தால் என்ன வரும்? பெரும்பாலான கணினிகளில் பிழை என்று ஒன்றும் வராது. பதில் சொல்ல ஆள் இல்லாததால், 32 பிட்டும் ஒன்றாக நிரப்பிய எண் திரும்பி வரும். பதின்ம முறையில் 4294967295.

இந்த எண்தான் எனக்கு ஹாட்பிளக்கைக் கற்றுக்கொடுத்தது. பிசிஐ எக்ஸ்பிரஸைக் கேபிள் வழியாக வெளியே நீட்டும் தண்டர்போல்ட் பெட்டி ஒன்றில் நெட்வொர்க் கார்டை வைத்து, அதற்கு ஒரு சோதனை டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். ரீசெட் செய்யும் பகுதியில், "ரீசெட் பிட் 0 ஆகும்வரை திரும்பத் திரும்பப் படி" என்று ஒரு சுழற்சி. கார்டு இருக்கும்போது அது சில மைக்ரோநொடிகளில் முடிந்துவிடும். ஒருநாள் மாலை, இன்டர்ஃபேஸ் ரீசெட் ஆகும் நேரத்தில் தண்டர்போல்ட் கேபிளை உருவிவிட்டேன். சுட்டெலி அம்பு திரையின் நடுவில் அப்படியே உறைந்தது. விசைப்பலகையில் எதை அழுத்தியும் அசைவில்லை, விசிறி மட்டும் வேகமெடுத்தது. படிக்கும் எண்ணில் எல்லாப் பிட்டும் 1. ரீசெட் பிட்டும் அதில் ஒன்று. அது 0 ஆகப்போவதே இல்லை. போதாக்குறைக்கு காத்திருப்பவரைச் சுழலவிடும் ஒரு ஸ்பின் பூட்டைப் பிடித்துக்கொண்டு, கருவிகள் ப்ராசசரைக் கூப்பிடும் இன்டரப்ட்டுகளை நிறுத்திவைத்து அந்தச் சுழற்சி ஓடியது. அதே பூட்டுக்காக மற்ற கோர்களும் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றுவிட்டன.

அதற்குப்பின் இரண்டு பழக்கங்கள் கைவந்தன. காத்திருக்கும் எந்தச் சுழற்சிக்கும் ஒரு கால எல்லை வைப்பது ஒன்று. படித்த மதிப்பு முழுவதும் ஒன்றாக இருந்தால் கார்டு இருக்கிறதா என்று ஐயப்படுவது மற்றொன்று. ஐயம்தான், முடிவு இல்லை. சில ரிஜிஸ்டர்களுக்கு எல்லாப் பிட்டும் ஒன்று என்பது நியாயமான மதிப்பாகவும் இருக்கலாம். இன்டெல் கார்டுகளுக்கான ஐஜிபி டிரைவரின் படிக்கும் செயல்கூற்றைத் திறந்து பாருங்கள். எல்லாம் ஒன்றாக வந்தால் அது முதல் ரிஜிஸ்டரை இன்னொரு முறை படிக்கிறது. அதுவும் அப்படியே வந்தால்தான் கருவியின் முகவரியை வெறுமையாக்கி, பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு போய்விட்டது என்று பதிவேட்டில் எழுதுகிறது. சில வரிகள்தான். புதிதாகக் கற்பவர் படித்துப் பார்க்க வேண்டிய நிரல் அது.

இன்டரப்ட்டைக் கவனிக்கும் பகுதியிலும் இதே எண் ஏமாற்றும். "என்ன நடந்தது?" என்று நிலை ரிஜிஸ்டரைப் படித்தால் எல்லாப் பிட்டும் 1. பாக்கெட் வந்தது, பாக்கெட் போனது, இணைப்பு மாறியது, பிழை நேர்ந்தது என்று சாத்தியமுள்ள எல்லாமே ஒரே நேரத்தில் நடந்ததாகப் பொருள். நம்பிக்கையோடு அத்தனையையும் கவனிக்கப் போனால் டிரைவர் இல்லாத பாக்கெட்டுகளைத் தேடி அலையும்.

யூஎஸ்பியில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே டிரைவர் கோரிக்கைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. கருவி போனால் அவை பிழை எண்ணோடு திரும்பி வருகின்றன. ஆனால் கருவி போன கணத்துக்கும் டிஸ்கனெக்ட் அழைக்கப்படும் கணத்துக்கும் நடுவில் சிறிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் திரும்பிவந்த கோரிக்கையை "ஏதோ தற்காலிகப் பிழை" என்று உடனே மறுபடி அனுப்பினால், அது பிழையோடு திரும்ப, மறுபடி அனுப்ப, பதிவேடு முழுவதும் பிழைச் செய்திகளால் நிறையும்.

விடைகொடுக்கும் வரிசை

ரிமூவ் எழுதும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கருவியின் தரவை இன்னும் யார் தொடக்கூடும்? கடைசி ஆள் போகும்வரை நினைவகத்தை விடுவிக்கக் கூடாது.

முதல் வேலை, புதிதாக யாரும் உள்ளே வராமல் பதிவை நீக்குவது. லினக்ஸில் இந்த ஒரு அழைப்பு நிறைய செய்கிறது. இன்டர்ஃபேஸ் திறந்திருந்தால் அதை மூடும்படி டிரைவரையே கூப்பிடும். ரூட்டிங் பட்டியல், ஐபி முகவரிகள், இன்டர்ஃபேஸ்களை ஒன்றாக இணைக்கும் பிரிட்ஜ் என்று இந்த இன்டர்ஃபேஸைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் "விட்டுவிடுங்கள்" என்று அறிவிக்கும். ஒவ்வொருவரும் பிடித்ததற்கு ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். அது இறங்கி முடியும்வரை அழைப்பு திரும்பாது. யாரோ ஒருவர் விட மறந்தால், இன்டர்ஃபேஸ் விடுபடுவதற்காகக் காத்திருப்பதாகவும் எண்ணிக்கை இன்னும் 1 இருப்பதாகவும் பத்து நொடிக்கு ஒருமுறை செய்தி வரும். நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களை நிறைய ஓட்டுகிறவர்கள் பலர் இந்தச் செய்தியைப் பார்த்திருப்பார்கள். கன்டெய்னருக்குள் இருக்கும் மெய்நிகர் இன்டர்ஃபேஸும் மறையும்போது இதே வாசல் வழியாகத்தான் போகிறது.

அடுத்து, டைமர்களும் பின்னணி வேலைகளும். இவற்றை "ரத்து" செய்தால் மட்டும் போதாது. ரத்து செய்யும் நேரத்தில் அந்த வேலை இன்னொரு கோரில் ஓடிக்கொண்டிருக்கலாம். அது ஓடி முடியும்வரை காத்திருந்து ரத்து செய்யும் வடிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நெட்வொர்க் அடுக்கு முழுமைக்கும் ஆர்டிஎன்எல் என்ற பொதுப் பூட்டு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பின்னணி வேலை முடிவதற்காகக் காத்திருக்கிறீர்கள், அந்த வேலையோ அதே பூட்டுக்காகக் காத்திருக்கிறது என்றால் இருவரும் எழுந்திருக்கப் போவதில்லை. கார்டை மூடும் செயல்கூறு இந்தப் பூட்டுக்குள்தான் அழைக்கப்படுகிறது என்பதால், புதியவர்கள் மிக எளிதாக இதில் விழுகிறார்கள்.

அதன்பின் இன்டரப்ட்டை விடுவிப்பது, கருவியின் முகவரிப் பகுதியை விடுவிப்பது, கடைசியாகத் தரவு அமைப்பை விடுவிப்பது. டிரைவரின் சொந்தத் தரவு நெட்வொர்க் கருவி அமைப்போடு ஒட்டி, ஒரே ஒதுக்கீட்டில்தான் இருக்கும். அந்த அமைப்பை விடுவித்த அடுத்த வரியில் "என் வரிசையையும் விடுவித்துவிடலாம்" என்று போனால், ஏற்கெனவே விடுவித்த நினைவகத்தைத் தொடுகிறீர்கள்.

2007-இல் லினக்ஸ் 2.6.21-இல் ஒரு வசதி வந்தது. டிரைவர் கேட்டு வாங்கியவற்றைக் கெர்னலே குறித்துவைத்துக்கொண்டு, கருவி போகும்போது வாங்கிய வரிசைக்குத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்துவிடும். படிகளைத் தவறவிடும் பிழைகள் இதனால் நிறையக் குறைந்தன. ஆனால் அந்தத் தானியங்கித் திருப்புதல் ரிமூவ் முடிந்த பிறகுதான் நடக்கும். இன்டரப்ட்டைத் தானியங்கி வழியில் வாங்கிவிட்டு, தரவு அமைப்பை ரிமூவுக்குள் கையால் விடுவித்தால், நடுவில் ஓர் இன்டரப்ட் வந்து விடுவித்த நினைவகத்தில் கைவைக்கும். இரண்டு முறைகளையும் பாதிப் பாதியாகக் கலக்காதீர்கள் என்று நான் யாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

இன்னொரு செய்தி பலருக்குப் புதிதாக இருக்கும். ரிமூவ் அழைக்கப்பட்டது என்பதால் கார்டு போய்விட்டது என்று முடிவுகட்ட முடியாது. டிரைவரை மட்டும் இறக்கினாலும் இதே ரிமூவ்தான் அழைக்கப்படும். அப்போது கார்டு உயிரோடு, தன் வேலையைச் செய்துகொண்டு இருக்கும். நெட்வொர்க் கார்டுகள் வரும் பாக்கெட்டுகளை ப்ராசசரின் கை படாமல், டிஎம்ஏ என்ற வழியாக நேராக நினைவகத்தில் எழுதுபவை. "எப்படியும் போய்விட்டதே" என்று கார்டை நிறுத்தாமல் நினைவகத்தை விடுவித்தால், அந்த இடம் வேறு நிரலுக்குப் போனபிறகும் கார்டு அங்கே பாக்கெட்டுகளை எழுதிக்கொண்டே இருக்கும். எனவே ரிமூவ் இரண்டு நிலைக்கும் பொருந்த வேண்டும். கார்டு இருந்தால் அதை முறையாக நிறுத்த வேண்டும், இல்லையென்றால் நிறுத்த முயன்று மாட்டிக்கொள்ளக் கூடாது.

யாரும் கைவைக்காத இடத்திலும்

சர்வர்களில் ஹாட்பிளக் வசதியுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகளில் ஒரு பொத்தான் வைப்பதுண்டு. அதை அழுத்தினால் விளக்கு சிமிட்டத் தொடங்கும். தவறி அழுத்திவிட்டால் ஐந்து நொடிக்குள் மறுபடி அழுத்தி ரத்து செய்யலாம். இல்லையென்றால் டிரைவர் முறையாக விடைபெற்று, மின்சாரம் துண்டிக்கப்பட்டு, விளக்கு அணையும். அப்போது கார்டை எடுக்கலாம். இந்த மரியாதையான வழியில் டிரைவருக்குத் திணறல் இல்லை.

மேகக் கணிமையில் கார்டை உருவ மனிதரே தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, அதற்கு நேரடியாகக் கொடுத்திருந்த கார்டின் பங்கை முதலில் பிடுங்குகிறார்கள். புது இடத்தில் வேறொன்றைச் செருகுகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் போக்குவரத்து ஒரு மெய்நிகர் கார்டு வழியாகப் போகும். ஹாட்பிளக்கை மடிக்கணினிக்கு மட்டும் உரியதாக நினைத்து டிரைவர் எழுதுகிறவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

கார்டு திரும்பி வந்தால் பழைய இணைப்புகள் என்ன ஆகும்? அடாப்டரை எடுத்துச் சில நொடிகளில் மறுபடி செருகி, அதே ஐபி முகவரி கிடைத்துவிட்டால், தொலைவிலுள்ள கணினியோடு திறந்திருந்த எஸ்எஸ்ஹெச் அமர்வு பல நேரங்களில் விட்ட இடத்திலிருந்து தொடரும். டிசிபி இணைப்பு பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும் இயல்புடையது. ஆனால் கெர்னலின் பார்வையில் வந்திருப்பது புதிய இன்டர்ஃபேஸ். பெயர் அதேயாக இருக்கலாம், உள் எண் வேறு. பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கும் நிரல்களுக்கு "அப்படி ஒரு கருவி இல்லை" என்ற பிழைதான் வரும்.

கையை வலிக்கவிடாமல் சோதிப்பது

கையால் நூறு முறை உருவிச் செருக வேண்டியதில்லை. கெர்னல் தன் கருவிகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு பிசிஐ கருவிக்கும் ரிமூவ் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் 1 என்று எழுதினால் கெர்னல் அந்தக் கருவியை எடுத்துவிட்டதாகக் கொள்ளும். ரீஸ்கேன் என்ற கோப்பில் 1 எழுதினால் திரும்பக் கண்டுபிடிக்கும். டிரைவரை மட்டும் பிரித்துச் சேர்க்க அன்பைண்ட், பைண்ட் என்ற கோப்புகள் உண்டு. ஆனால் இவை எல்லாமே கார்டு உடல்வடிவில் இருக்கும்போது நடக்கும் சோதனைகள். எல்லாப் பிட்டும் ஒன்றாக வரும் அந்த நிலையை இவை காட்டா. அதற்கு நிஜமாகவே உருவித்தான் பார்க்க வேண்டும்.

விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழைகளைப் பிடிக்க, 2015-இல் லினக்ஸ் 4.0-இல் வந்த கேசன் என்ற கருவியோடு கெர்னலைத் தொகுத்துக்கொள்ளுங்கள். அது யார் தொட்டார், யார் விடுவித்தார் என்று இரண்டு தடங்களையும் காட்டும். பிறகு ஒரு ஜன்னலில் அந்த இன்டர்ஃபேஸ் வழியாக இடைவிடாத போக்குவரத்தை ஓடவிடுங்கள். இன்னொன்றில் எடுப்பதும் சேர்ப்பதுமாக ஒரு சிறு ஸ்கிரிப்ட்டை இரவு முழுவதும் சுழலவிடுங்கள். போக்குவரத்து இல்லாமல் சோதித்தால் பந்தியில் யாரும் உட்காராதபோது இலையை எடுத்ததாகத்தான் ஆகும். காலையில் கேசனின் பதிவேட்டையும், இரவுக்கு முன்பும் பின்பும் எடுத்த காலி நினைவகத்தின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சில கிலோபைட் குறைந்திருந்தால், ஏறிய படிகளில் எதோ ஒன்றில் இறங்காமல் விட்டிருக்கிறீர்கள். ப்ரோப்பையும் ரிமூவையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து, ஒன்றை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் விரல்வைத்துப் படித்தால் அந்தப் படி கண்ணில் பட்டுவிடும்.